தரையிலிருந்து அரை அங்குலம்

ஆர்வோ நீமி யார் வீட்டுக்குப் போனாலும் வீட்டுக்காரரை அப்புறம்தான் பார்ப்பான். முதலில் சுவரைத் தடவுவான். உள்ளங்கையால் அல்ல, விரல்களின் பின்பக்கத்தால். கல்யாண வீடோ சாவு வீடோ அவனுக்கு எல்லாம் ஒன்றுதான். என் அம்மாவை அடக்கம் செய்த அன்று ஆறுதல் சொல்ல வந்தவன், சர்ச் கூடத்தின் சுவரைத் தடவிவிட்டு என் காதருகே வந்து, "இது நாம பண்ணது இல்லடா, பாத்தப்பவே நெனச்சேன்" என்றான். அழுதுகொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் பெண்டாட்டி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

நான் ருடி. ஜிப்சம் பலகையைத் தூக்கி நிறுத்தி மரச்சட்டத்தில் திருகு போட்டு அடிப்பது என் வேலை. அதன் இணைப்புகளில் காகித நாடா ஒட்டி, மூன்று கை பூச்சு பூசி, தேய்த்து, எங்கே இணைத்தோம் என்றே தெரியாமல் ஆக்குவது அவன் வேலை. காலுமெட்டிலிருந்து ஹான்காக் வரை, மிச்சிகனின் இந்த வடமுனையில், முப்பத்தைந்து வருஷம் இருவரும் சேர்ந்து திரிந்திருக்கிறோம். ஆர்வோ அதிகம் பேசமாட்டான். காலையில் காபி, மத்தியானம் அவன் பெண்டாட்டி எல்மா கட்டிக்கொடுத்த பாஸ்டி, அதாவது கறியும் கிழங்கும் வைத்து மடித்துச் சுட்டது, சாயங்காலம் "சரி, போலாமா." ஒரு நாளைக்கு இவ்வளவுதான் அவன் வாயிலிருந்து வரும். மிச்சத்தை நான் பேசித் தீர்ப்பேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவனுக்கு வாய் நீளும். சுவரின் அடிவிளிம்பு. பூசுகிறவர்கள் யாரும் அதைச் சீண்டமாட்டார்கள். குனிய வேண்டும், மண்டி போட வேண்டும், கடைசியில் அடிப்பட்டை என்று ஒரு மரச்சட்டம் வந்து மூடிவிடப் போகிறது. எவன் பார்க்கப் போகிறான்? ஆனால் ஆர்வோ ஒவ்வொரு வீட்டிலும் தரையில் கன்னம் வைத்துப் பார்ப்பான். பலகை தரையைத் தொடக்கூடாது. அரை அங்குலம் மேலே நிற்க வேண்டும். தொட்டால், விளக்குத்திரி எண்ணெய் குடிப்பதுபோலப் பலகை ஈரத்தைக் குடிக்கும். அதிலும் கேரேஜ் சுவர் என்றால் கேட்கவே வேண்டாம். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை இங்கே ஒவ்வொரு காரும் கூரையில் ஒரு முழம் பனியையும் சக்கரத்தில் உப்புச் சேற்றையும் சுமந்துகொண்டுதான் உள்ளே வந்து நிற்கும். அத்தனையும் உருகித் தரையில் ஓடும். அப்படி மண்டி போட்டுப் போட்டு அவன் முழங்கால் இரண்டும் போய்விட்டன. இப்போது அவன் உட்கார்ந்தால் எழுப்ப ஆள் வேண்டும்.

அப்பேர்ப்பட்டவன் வீட்டு கேரேஜ் சுவரில் நான் என்ன செய்து வைத்திருந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், நவம்பர் பதினாலு. மறுநாள் மான் வேட்டை தொடங்குகிறது. எங்கள் ஊரில் அந்தப் பதினைந்தாம் தேதிக்குப் பள்ளிக்கூடமே லீவு. அன்றைக்கு விடியும்போது காட்டில் இல்லாத ஆண்பிள்ளையை உடம்பு சரியில்லையா என்று விசாரிப்பார்கள். ஆர்வோவின் வீட்டுக்கும் கேரேஜுக்கும் நடுவிலிருந்த சுவரில் நாலு பலகை பாக்கி. "நீ அடிச்சு முடி, நான் போய் காட்டுக் குடிசையில அடுப்பப் பத்த வைக்கிறேன்" என்று அவன் முன்னால் போய்விட்டான். பலகையைத் தூக்கிப் பிடிக்கக் காலால் மிதிக்கிற ஒரு நெம்பி உண்டு. அது என் வண்டியில், துப்பாக்கி, படுக்கை, பத்து நாள் சாப்பாடு எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது. அதை எடுக்க எல்லாவற்றையும் இறக்க வேண்டும். நாலு பலகைதானே, சொந்தக்காரன் வீடு மாதிரிதானே என்று பலகைகளை அப்படியே சிமென்ட் தரையில் உட்கார வைத்து அடித்தேன். தெரியாமல் இருக்க அடிப்பட்டையையும் நானே வைத்து மூடினேன். அந்த வருஷம் எனக்கு ஒரு மானும் கிடைக்கவில்லை. அதுவே தண்டனை என்று நினைத்து மறந்துவிட்டேன்.

இந்த மார்ச் மாதம் எல்மா ஐந்து வாரமாக ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மூன்று வருஷமாகவே நுரையீரல் சரியில்லை. இந்தத் தடவை நிமோனியா வேறு. இனி மூக்கில் ஆக்சிஜன் குழாய் இல்லாமல் முடியாது என்றார்கள். வெள்ளிக்கிழமை வெளியே அனுப்புகிறோம், ஆனால் வீடு தோதாக இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம் என்று டார்லா என்ற நர்ஸை அனுப்பினார்கள். டார்லா உள்ளூர்ப் பெண். எல்மா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தபோது அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவள். அதனாலேயே கறாராக இருந்தாள்.

திங்கட்கிழமை வந்து படுக்கையறையில் நின்று மூக்கைச் சுளித்தாள். சுவருக்கு அந்தப் பக்கம்தான் கேரேஜ்.

"ஆர்வோ, இந்த ரூம்ல பூஞ்ச வாட அடிக்குது. பெட்ரோல் வாடயும் வருது. உங்களுக்குத் தெரியலயா?"

"பழகிப்போச்சு."

"அவங்களுக்கு இனிமே பழக்கமெல்லாம் ஒத்து வராது. இந்தச் செவுத்த சரிபண்ணாம நான் கையெழுத்துப் போடமாட்டேன். வியாழக்கிழமை வந்து பாப்பேன். முடியலன்னா வெள்ளிக்கிழமை முதியோர் இல்லத்துக்குத்தான் அனுப்பணும். அங்க ஒரே ஒரு கட்டில் காலியா இருக்கு."

அந்த முதியோர் இல்லம் நூறு மைல் தள்ளி இருக்கிறது. அங்கே போனவர்கள் யாரும் திரும்பி வந்து நாங்கள் பார்த்ததில்லை. ஆர்வோ தலையை மட்டும் ஆட்டினான். டார்லா போனதும் எனக்கு போன் செய்து, "செவுத்தோட அடியத் திறக்கணும், வர்றியா?" என்றான். வர்றேன் என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை பனி தள்ளும் இயந்திரம், விறகு, பழைய டயர் என்று சுவரோரம் கிடந்ததையெல்லாம் நகர்த்தினோம். அதற்கே இரண்டு கிழவர்களுக்கும் மூச்சு வாங்கியது. அடிப்பட்டையைக் கழற்றினோம், கையோடு பாதி உதிர்ந்து வந்தது. தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் நூல் அடித்து, அந்தக் கோட்டோடு அறுத்து, கீழ்ப்பாதியைப் பிய்த்தோம். பின்பக்கம் கறுப்பாக, ஈரமாக, எலி செத்த மாதிரி ஒரு நாற்றம். குளிருக்காகச் சுவருக்குள் அடைத்திருந்த பஞ்சும் நனைந்து கறுத்திருந்தது. நான் முகமூடிக்குள்ளேயே இருமினேன்.

ஆர்வோ ஒரு துண்டைக் கையில் எடுத்துத் திருப்பினான். அதன் அடிவிளிம்பில் சிமென்ட் ஒட்டியிருந்தது. தரையில் உட்கார்ந்திருந்த பலகை. ஒரு பார்வையில் அவனுக்குத் தெரிந்துவிட்டது. இப்போது என்னைத் திரும்பிப் பார்ப்பான், கேட்பான் என்று காத்திருந்தேன். அவன் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்தான்.

"ஊர்ல எல்லார் வீட்டுலயும் குனிஞ்சு பாத்தேன்டா" என்றான். "என் வீட்டுல பாக்கல. பூசுறப்பவாவது ஒரு தடவ குனிஞ்சிருக்கலாம். நான்தான் அவளுக்கு இதக் கொடுத்தேன்."

சொல்லியிருக்க வேண்டும். அங்கேயே, அப்போதே. வாயைத் திறந்தேன். "காபி குடிக்கிறியா?" என்று கேட்டேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அன்று முழுக்கச் சுரண்டினோம், துடைத்தோம், இரண்டு ஹீட்டர்களை வைத்துச் சட்டங்களைக் காயவிட்டோம். நல்லவேளையாக அடிச்சட்டம் மருந்து ஏற்றிய மரம், உளுத்துப் போகவில்லை. ஆர்வோ அதிகம் பேசமாட்டான் என்று சொன்னேன் அல்லவா, அன்று அதுவும் இல்லை. வேலை முடிந்ததும் "சரி, போலாமா" கூடச் சொல்லவில்லை.

புதன்கிழமை புதுப் பலகை. இந்தத் தடவை ஈரம் தாங்குகிற வகை. அரை அங்குலத் தக்கைகளைத் தரையில் அடுக்கி, அவற்றின் மேல் நிறுத்தித் திருகு போட்டேன். ஒவ்வொரு தக்கையையும் இரண்டு தடவை அளந்தேன். அடிச்சட்டத்துக்கும் சிமென்ட்டுக்கும் நடுவே இருந்த இடுக்கில் பசையைப் பிதுக்கி அடைத்தோம். காரின் புகை வருகிற வழி அதுதான். பிறகு பலகையின் அடிவிளிம்புக்குப் பிளாஸ்டிக் பட்டையைத் தொப்பி மாதிரி மாட்ட வேண்டும். பட்டை மாட்டிவிட்டால் பலகையின் வாய் மூடிவிடும், தண்ணீர் தெறித்தாலும் குடிக்காது. இது ஆர்வோவின் வேலை. மண்டி போட முடியாததால் ஃபிரிட்ஜ் வந்த அட்டையைத் தரையில் விரித்து அதன்மேல் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டான். படுத்தபடியே ஓர் அடி பட்டையை மாட்டி அதன்மேல் பூசுவான், நான் அட்டையைப் பிடித்து அவனோடு சேர்த்து ஓர் அடி இழுப்பேன். மறுபடி ஓர் அடி.

"மெதுவா இழுடா, நான் என்ன மானா?"

"மானா இருந்தா இந்நேரம் கொம்பப் புடிச்சு இழுத்திருப்பேன். உனக்குத் தலையில முடிகூட இல்ல."

லேசாகச் சிரித்தான். அதே சமயம் அவன் போன் அடித்தது. எழ முடியாததால் நான் எடுத்து அவன் காதருகே தரையில் வைத்தேன். எல்மாவின் குரல் இரண்டு சொல்லுக்கு ஒரு தரம் நின்று நின்று வந்தது.

"செவுரு... முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிரும்."

"ஒரு பொண்ணு வந்து... அந்த இல்லத்தோட படமெல்லாம் காட்டுனா. மீன்தொட்டி இருக்காம். எனக்கு மீன்தொட்டி வேணாம் ஆர்வோ. என்ன அங்க போட்டுறாதீங்க."

"போடமாட்டேன். என் தப்புதான் எல்மா. நான்தான் சரியாப் பாக்கல. சரி பண்ணிடுறேன்."

போனை அணைத்த பிறகும் அவன் அப்படியே படுத்திருந்தான். கண்ணிலிருந்து வழிந்தது மூக்கைத் தாண்டி அட்டையில் சொட்டியது. இதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"ஆர்வோ, அது நீ இல்லடா. நான்தான். நெம்பி வண்டிக்கு அடியில கெடந்துச்சு. எடுக்கச் சோம்பேறித்தனம். வேட்டைக்குப் போற அவசரம். பலகையத் தரையில வெச்சு அடிச்சிட்டேன். பட்டையப் போட்டு மறச்சதும் நான்தான். நேத்தே சொல்லியிருக்கணும். நேத்து என்ன, இருவத்தாறு வருஷமாச் சொல்லியிருக்கணும்."

அவன் பூச்சுக் கத்தியைத் தரையில் வைத்தான். எழுந்து போகச் சொல்வான் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் போயிருப்பேன்.

"டார்லாகிட்ட நேத்து ராத்திரி போன்ல கேட்டேன்" என்றான், முகத்தை என் பக்கம் திருப்பாமல். "இந்தப் பூஞ்சையாலயா எல்மாக்கு இப்படின்னு. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்னா. அப்புறம் என்ன கேட்டா தெரியுமா? நீங்க தெனம் தேய்ச்ச தூசியோட வீட்டுக்கு வருவீங்களே, அந்தத் துணியெல்லாம் யாரு தொவச்சதுன்னு கேட்டா."

நான் அட்டையை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன்.

"யாரு தொவச்சா? அவதான் தொவச்சா. சமையக்கட்டுல நின்னு ஒவ்வொரு சட்டையா உதறுவா. வெள்ளையாப் பறக்கும். 'மாவு மில்லுக்காரனக் கட்டியிருந்தா ரொட்டியாவது கெடச்சிருக்கும்'னு சிரிப்பா. முப்பத்தஞ்சு வருஷம்டா. நாம முகமூடி போட்டுக்கிட்டோம். அவளுக்கு யாரு குடுத்தா?" கொஞ்சம் மூச்சு வாங்கினான். "நீ ஒரு நாள் பண்ணதுக்கு இப்படி அழுவுற."

"மன்னிச்சிருடா."

"அட்டைய இழு. நாளைக்கு டார்லா வர்றா."

இழுத்தேன். அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்தது. மன்னித்தானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கேட்கவும் தைரியம் இல்லை.

வியாழக்கிழமை டார்லா வந்தாள். படுக்கையறையில் நின்று மோந்து பார்த்தாள். ஆர்வோவிடம் காரை ஸ்டார்ட் செய்யச் சொல்லி மறுபடி மோந்து பார்த்தாள். பிறகு கேரேஜுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் தரையில் குனிந்து, அந்த அரை அங்குல இடைவெளியில் விரலை விட்டு ஓட்டினாள். நாங்கள் இரண்டு பேரும் பரீட்சை எழுதின பையன்கள் மாதிரி நின்றோம்.

"சரி. வீட்டுக்குக் கூட்டிட்டு வரலாம். ஆனா பெயின்ட் வேணாம், அந்த வாடயே ஆகாது. இனிமே தேய்க்கிற வேலயும் கூடாது. காரு வெளியில நிக்கட்டும்."

"இன்னும் ஒரு கை பூச்சு இருக்கு" என்றான் ஆர்வோ.

"அது எதுக்கு? யாரு பாக்கப் போறா?"

டார்லாவுக்குத் தெரியாது, அந்தக் கேள்வியை அவனிடம் கேட்கக்கூடாது. வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கே அட்டையில் படுத்துவிட்டான். மேலே ஓர் அடி உயரத்தில் போகிற இணைப்புக்கு மூன்றாவது கை பூசி, அது இறுகியதும் உப்புத்தாளை எடுக்காமல் ஈரப் பஞ்சால் ஒற்றி ஒற்றிச் சமப்படுத்தினான். பறக்கிற தூசி கூடாதே. அவன் வலிக்கிறது என்று சொல்லி நான் கேட்டதில்லை. அன்று இரண்டு தடவை சொன்னான். ஒரு மூலையை என்னிடம் விட்டான், அதை எப்படியோ இழுத்துவைத்தேன். மூன்று மணிக்கு வரும் என்ற ஆஸ்பத்திரி வண்டி ஒன்றரைக்கே வந்து வாசலில் பீப் அடித்தது.

முன்கதவு பனிக்குள் புதைந்து கிடந்தது. ஏப்ரல் முடியும்வரை எங்கள் ஊரில் எல்லா வீட்டுக்கும் கேரேஜ்தான் வாசல். டார்லாவும் வண்டிக்காரனும் எல்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்து உள்ளே தள்ளி வந்தார்கள். பாதியாகிவிட்டிருந்தாள். போர்வைக்குள் ஆள் இருக்கிறாளா என்று தேட வேண்டும் போல இருந்தது. சுவரோரம் வந்ததும் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னாள். குனிந்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அடிவிளிம்பைப் பார்த்தாள். முப்பத்தைந்து வருஷம் பூச்சுக்காரனோடு குடும்பம் நடத்தியவள் அல்லவா.

"அந்த மூல... ருடியா?"

"ஆமா எல்மா, நான்தான்."

"தெரியுது."

அவளை உள்ளே கொண்டுபோனார்கள். படுக்கையில் கிடத்துகிற சத்தம், ஆக்சிஜன் இயந்திரம் உறுமுகிற சத்தம் எல்லாம் கேட்டன. நான் வாளிகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் ஆர்வோ சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே, கேரேஜ் கதவு வேறு திறந்து கிடக்கிறது. சட்டையை உதறாமல், தூசி பறக்காமல், மெல்ல மடித்து ஒரு குப்பைப் பையில் போட்டான். என் தோளைப் பிடித்துக்கொண்டு கால்சட்டையையும் கழற்றிப் பையில் போட்டு வாயைக் கட்டினான். நீளமான உள்ளாடையும் கம்பளிக் காலுறையுமாக நின்றான்.

"தலையத் தட்டு" என்றான். குனிந்தான். என் தொப்பியைக் கழற்றி அவன் மொட்டைத் தலையையும் காதுகளையும் புருவத்தையும் தட்டினேன். புருவத்திலிருந்து கொஞ்சம் வெள்ளையாக உதிர்ந்தது. ஈரத்துணியால் கைகளை முழங்கை வரை துடைத்துக்கொண்டான். நகக்கண்களைத் துடைத்தான். குளிரில் அவன் பல் கிட்டிக்கொண்டிருந்தது. நான் என் கோட்டைக் கழற்றிக் கொடுத்தேன். அதிலும் தூசி இருக்கும் என்று வாங்கவில்லை.

பிறகு போய்ப் படுக்கையறைக் கதவருகே நின்றான். நான் அவனுக்குப் பின்னால், சமையலறையில் நின்றேன்.

"என்ன கோலம்யா இது?" எல்மாவின் குரல். "நர்ஸ் பொண்ணு இருக்கா... வெக்கமா இல்ல?"

"துணில தூசி இருந்துச்சு."

அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். அவள் ஒன்றும் மக்கு இல்லை; ஐந்து வாரம் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு அவளும் இதையெல்லாம் யோசித்திருப்பாள்.

"மொத வருஷமே இப்படி வந்து நின்னிருந்தா..." மூச்சு இழுத்துக்கொண்டாள். "நானும் சந்தோஷமாப் பாத்திருப்பேன். இப்ப என்ன இருக்கு பாக்க?"

டார்லா சிரித்துவிட்டாள். ஆர்வோ சிரிக்கவில்லை. தோள்கள் குலுங்கின. ஊரில் பாதி வீட்டுச் சுவர்களைத் தடவிப் பார்த்த அந்தக் கை நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு காலைத் தூக்கி வைத்தால் உள்ளே போய்விடலாம். வைக்கவில்லை.

"உள்ள வரட்டுமா, எல்மா?" என்று கேட்டான், தன் சொந்த வீட்டில், தன் சொந்தப் படுக்கையறை வாசலில் நின்றுகொண்டு.